பழைய காருக்குப் புதிய மூச்சு

சில வாரங்களுக்கு முன்பு ஒரு மாலைப் பொழுதில் என் தங்கையின் மகன் என்னைக் காண வந்தான். அவன் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. காலஞ்சென்ற என் மைத்துனர் ஆசையோடு வைத்திருந்த அம்பாசிடர் கார் இன்று அவன் வீட்டு வாசலில் நிற்கிறது. "மாமா, அப்பாவின் வண்டிக்கு டர்போ எஞ்சின் வைக்கலாம் என்றிருக்கிறேன். கணக்கும் போட்டுவிட்டேன். நீங்கள் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்" என்று நோட்டை நீட்டினான். வாங்கிப் பார்த்தேன். நான்கே வரிகள். அவற்றைக் கூட்டி, அடியில் இரட்டைக் கோடும் இழுத்திருந்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே நான்கு வரிகளை, அதே இரட்டைக் கோட்டோடு, 1991ஆம் ஆண்டில் நானும் எழுதியிருக்கிறேன். அந்தக் கோட்டுக்குக் கீழே நான் எழுதாமல் விட்டவை எவை, அவற்றுக்கு நான் கொடுத்த விலை என்ன என்பதை அன்று மாலை அவனுக்குச் சொன்னேன். அதையே இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் டர்போ என்பது யாது என்று காண்போம். மோட்டார் எஞ்சின் அடிப்படையில் மூச்சு விடும் ஒரு கருவியாகும். காற்றை உள்ளே இழுக்கிறது; அதில் பெட்ரோலைக் கலந்து எரிக்கிறது; எரிந்த புகையை வெளியே தள்ளுகிறது. பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றிவிடலாம். அதை எரிப்பதற்குரிய காற்றைக் கொடுப்பதுதான் கடினம். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு எடையில் ஏறக்குறைய 15 பங்கு காற்று தேவைப்படுகிறது. 1,275 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றுச் சுற்றும்போது அதிக அளவாக 2,550 லிட்டர் காற்றைத்தான் இழுக்க முடியும். அதற்கு மேல் பலம் வேண்டுமானால் மூன்று வழிகள் உண்டு. எஞ்சினைப் பெரிதாக்கலாம்; இன்னும் வேகமாகச் சுற்றவைக்கலாம்; அல்லது காற்றை நெருக்கி உள்ளே திணிக்கலாம். டர்போ செய்வது மூன்றாவது வேலை.

பெட்ரோல் எரிந்து வெளிவிடும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் குழாய் வழியே வீணாக வெளியேறுகிறது. அந்தச் சூடான புகையின் பாதையில் ஒரு சிறிய சுழலியை வைத்து, அதே தண்டின் மறுமுனையில் காற்றை அழுத்தும் சக்கரம் ஒன்றைப் பொருத்தினால், வீணாகும் புகையே எஞ்சினுக்குக் காற்றூதும் துருத்தியாகிவிடுகிறது. ஆல்பிரட் பியூக்கி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1905ஆம் ஆண்டிலேயே இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். கப்பல்களின் டீசல் எஞ்சின்களில் 1920களில் இது பயனுக்கு வந்தது. கார்களுக்கு வந்து சேர 1962ஆம் ஆண்டாயிற்று. அவ்வாண்டில் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்பயர், செவர்லே கார்வேர் என்னும் இரண்டு கார்கள் டர்போவுடன் விற்பனைக்கு வந்தன.

அவற்றுள் ஜெட்பயர் காரின் வரலாறு நம் கணக்குக்கு நல்லதொரு பாடம். காற்றை அழுத்தினால் அது சூடேறும். சூடான கலவை, தீப்பொறி படுவதற்கு முன்னும் பின்னும் தானாகவே வெடித்துப் பிஸ்டனைச் சம்மட்டிபோல் தாக்கும். நம் ஊர் மெக்கானிக்குகள் இதனை நாக்கிங் என்பார்கள். அதைத் தடுப்பதற்காக ஜெட்பயர் காரில் தண்ணீரும் மெதில் ஆல்கஹாலும் கலந்த திரவம் ஒரு தொட்டியில் வைக்கப்பட்டிருந்தது. தொட்டி காலியானால் டர்போவின் அழுத்தம் தானாகக் குறைந்துவிடும். வண்டியை வாங்கியவர்களில் பலர் அந்தத் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். விலை கொடுத்து வாங்கிய பலம் அவர்களுக்குப் பயன்படவில்லை. பொருளை வாங்கும் செலவு ஒன்று. அதைப் பேணும் செலவு மற்றொன்று. முதலாவதை நாம் நோட்டில் எழுதுகிறோம். இரண்டாவதை மறந்துவிடுகிறோம்.

இனி என் கதைக்கு வருகிறேன். 1991ஆம் ஆண்டில் நான் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் ஒரு தொழிற்சாலையில் பணியாற்றினேன். நகரின் தென்மேற்கே லாங்பிரிட்ஜ் என்னும் இடத்தில் மினி கார் செய்யும் பெரிய ஆலை இருந்தது. 1959இல் பிறந்த மினி, அலெக் இசிகோனிஸ் என்ற பொறியாளரின் படைப்பு. எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்து, அதன் ஆயில் தொட்டிக்குள்ளேயே கியர்களையும் அடக்கி, பத்தடி நீளத்தில் நால்வர் அமரும் காரை அவர் ஆக்கிக் காட்டினார். என்னிடம் 1978ஆம் ஆண்டின் பழைய மினி ஒன்று இருந்தது. 998 கன சென்டிமீட்டர் எஞ்சின். சுமார் 40 குதிரைத்திறன். ஆலைக்குப் போய்வரவும், ஞாயிற்றுக்கிழமைகளில் கடைவீதிக்குச் செல்லவும் அது தாராளமாகப் போதும். ஆனால் எனக்கு அப்போது முப்பது வயது.

அதே மினி எஞ்சினின் குடும்பத்தைச் சேர்ந்த 1,275 கன சென்டிமீட்டர் எஞ்சினுக்கு டர்போ பொருத்தி, எம்.ஜி. மெட்ரோ டர்போ என்ற காரை அந்நாட்டார் 1980களில் விற்றார்கள். டர்போ இல்லாத எம்.ஜி. மெட்ரோவின் பலம் 72 குதிரைத்திறன். டர்போ உள்ளதன் பலம் 93. இரண்டும் ஒரே குடும்பமாதலால் மெட்ரோவின் எஞ்சினைப் பழைய மினிக்குள் இறக்கிவிடலாம். பலர் அவ்வாறு செய்திருந்தனர். பழைய கார்களைப் பிரித்து விற்கும் கிடங்கு ஒன்றில், பின்புறம் நசுங்கிய மெட்ரோ டர்போ ஒன்றைக் கண்டேன். அன்றிரவு ஒரு கடித உறையின் பின்புறத்தில் கணக்கு எழுதினேன். நசுங்கிய கார் 350 பவுண்டு. அதை இழுத்து வர வாடகை 40. ஆயில், கேஸ்கெட், ஹோஸ் முதலியன 60. சைலன்சர் குழாய் 50. மொத்தம் 500 பவுண்டு. இரட்டைக் கோடு இழுத்தேன்.

வங்கியில் என்னிடம் 1,200 பவுண்டு இருந்தது. அது எதற்கென்று சேர்த்த பணம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1992ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு நான் ஊருக்கு வருவதாக அம்மாவுக்கு எழுதியிருந்தேன். விமானக் கட்டணம் போக எஞ்சுவதைக் கொண்டு, ஒழுகிக்கொண்டிருந்த வீட்டு ஓட்டுக்கூரையைப் பிரித்து மேய்ந்து தருவதாகவும் எழுதியிருந்தேன். 500 போனாலும் 700 இருக்கிறதே, பயணத்துக்கு அது போதும், கூரையை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

எஞ்சினை வெளியே எடுத்துப் பிரித்தபோதுதான் முதல் பாடம் கிடைத்தது. பழைய எஞ்சின் ஓடுகிறது என்பது வேறு. கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும் என்பது வேறு. பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருந்தன. பேரிங்குகளில் கோடுகள் விழுந்திருந்தன. அவற்றை மாற்றி, வால்வுகளைச் செப்பனிட்டுப் பூட்டுவதற்கு 260 பவுண்டு ஆயிற்று. டர்போவின் தண்டைக் கையால் அசைத்துப் பார்த்தேன், ஆடியது. நேயர்களே, அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழல வல்லது. அதைத் தாங்குவது ஆயிலாலான ஒரு மெல்லிய படலமே. ஒரு புறம் செந்தழல்போல் சூடான புகை. மறுபுறம் குளிர்ந்த காற்று. வேகமாக ஓட்டிவந்து சட்டென்று எஞ்சினை அணைத்துவிட்டால், அங்கே தேங்கும் ஆயில் கருகிக் கரியாகப் படியும். பழைய உரிமையாளர் அப்படித்தான் ஓட்டியிருப்பார் போலும். அதைப் புதுப்பிக்க 180 பவுண்டு.

டர்போ எவ்வளவு பலம் தரும் என்பதிலும் ஒரு மயக்கம் உண்டு. காற்றின் அழுத்தத்தை ஒன்றரை மடங்காக்கினால் பலமும் ஒன்றரை மடங்காகும் என்று எண்ணுகிறோம். ஆனால் அழுத்தும்போது காற்று சூடாகிறது, சூடானால் விரிகிறது, விரிந்தால் அதே இடத்தில் குறைந்த காற்றே அடங்குகிறது. 30 பாகை வெப்பமுள்ள காற்றைச் சாதாரண டர்போ ஒன்றரை மடங்கு அழுத்தினால் அதன் வெப்பம் ஏறக்குறைய 90 பாகைக்குப் போய்விடும். ஆகவே உண்மையில் கூடுதலாகக் கிடைப்பது பாதியன்று. கால் பங்குக்குச் சற்று மேல்தான். மெட்ரோவின் 72 குதிரைத்திறன் 93 ஆனதும் அந்த அளவுதான் என்பதைக் கவனியுங்கள். இதற்கு மேல் வேண்டுமானால் அழுத்திய காற்றைக் குளிர்விக்க இன்னொரு ரேடியேட்டர் வேண்டும். அதுவும் ஒரு வரி.

எஞ்சின் ஓர் அரசன் என்றால் அதற்குப் பரிவாரம் உண்டு. கூடுதலாக எரியும் பெட்ரோல் கூடுதல் வெப்பத்தைத் தருமாதலால் பெரிய ரேடியேட்டரும் ஆயிலைக் குளிர்விக்கும் கருவியும் வாங்கினேன், 130 பவுண்டு. மினியின் பழைய பெட்ரோல் பம்பு, அழுத்தத்தில் நிற்கும் கார்புரெட்டருக்குள் பெட்ரோலைத் தள்ள வல்லதன்று. மின்சாரப் பம்பு, காற்றழுத்தம் ஏற ஏறப் பெட்ரோல் அழுத்தத்தையும் உயர்த்தும் கட்டுப்பாட்டுக் கருவி, உறுதியான குழாய்கள் ஆகியவற்றுக்கு 85. இங்கே சிக்கனம் பார்த்தால் பெட்ரோல் குறைந்த கலவை எரிந்து பிஸ்டனையே உருக்கிவிடும். கிளட்ச் 90. சைலன்சர் குழாய்க்கு நான் எழுதியது 50; ஆனது 95.

ஆயினும் ஒன்றை நான் சரியாகச் செய்தேன். எஞ்சினை மட்டும் வாங்காமல் முழுக் காரையும் வாங்கினேன். எஞ்சினைத் தாங்கும் சிறு இரும்புத் துண்டுகள், மின்கம்பிகள், உணர்கருவிகள், குழாய் முனைகள் எல்லாம் அதிலேயே கிடைத்தன. தனித்தனியே தேடியிருந்தால் அவையே ஒரு பெருந்தொகையாகியிருக்கும். இன்றைய எஞ்சின்களுக்கு இது இன்னும் பொருந்தும். இப்போதுள்ள டர்போ எஞ்சினைக் கணினிப் பெட்டி ஒன்று ஆட்டிவைக்கிறது. அந்தப் பெட்டியும், அதன் மின்கம்பிக் கற்றையும், அது அடையாளம் கண்டுகொள்ளும் சாவியும் இல்லாமல் எஞ்சினை மட்டும் வாங்குகிறவன் உயிரில்லாத இரும்பை வாங்குகிறான்.

நவம்பர் மாதத்தில் ஒரு காலை வண்டி தயாராயிற்று. லாங்பிரிட்ஜை அடுத்த லிக்கி குன்றுகளுக்கு ஓட்டிச் சென்றேன். அந்தச் சிறிய கார் மேடேறிய விதத்தைக் கண்டு நான் வாய்விட்டுக் கூவினேன் என்றால் மிகையாகாது. மேலே சென்று திரும்பினேன். இறக்கத்தில் இரண்டு முறை பிரேக் பிடித்தேன், பிடித்தது. மூன்றாம் முறை மிதித்தபோது பெடல் கெட்டியாக நின்றது, வண்டி நிற்கவில்லை. நான்கு சக்கரங்களிலும் இருந்தவை பழைய டிரம் பிரேக்குகள். 40 குதிரைத்திறன் கொண்ட காருக்கு அவை முற்றிலும் போதுமானவை. ஆனால் வேகம் ஒன்றரை மடங்கானால் வண்டியில் ஏறும் ஆற்றல் இரண்டேகால் மடங்காகிறது. அத்தனையையும் வெப்பமாக மாற்றி வெளியேற்ற வேண்டியது பிரேக். சூடேறிய பிரேக் பிடிப்பை இழந்துவிட்டது. கீழே நாற்சந்தியை நான் நிற்காமலே கடந்தேன். குறுக்கே யாரும் வரவில்லை. அது என் திறமையன்று. வெறும் அதிர்ஷ்டமே.

அடுத்த வாரமே முன்சக்கரங்களுக்குத் தட்டுப் பிரேக்குகளும், அவற்றுக்கு இடம் கொடுக்கும் 12 அங்குலச் சக்கரங்களும், டயர்களும் வாங்கினேன். 310 பவுண்டு. என் உறையில் பிரேக் என்ற சொல்லே இருக்கவில்லை.

காப்பீடும் அப்படியே. இங்கிலாந்தில் எஞ்சின் எண்ணோ கொள்ளளவோ மாறினால் வாகனப் பதிவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லியாக வேண்டும். மறைத்து ஓட்டி விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுக் கோரிக்கையை அவர்கள் மறுத்துவிடக் கூடும். நான் சொன்னேன். அவர்கள் 165 பவுண்டு கூடுதலாகக் கேட்டார்கள். அன்று கணக்குப் பார்த்தபோது 1,765 பவுண்டு செலவாகியிருந்தது. சேமிப்பு முழுவதும் தீர்ந்து, நண்பர் ஒருவரிடம் கைம்மாற்றும் வாங்கியிருந்தேன்.

இத்தோடு நின்றிருக்கலாம். மினியிலும் மெட்ரோவிலும் கியர்கள் எஞ்சினின் ஆயிலிலேயே மூழ்கிக் கிடப்பவை என்று சொன்னேன் அல்லவா? அந்தக் கியர்கள் தாங்கக்கூடிய முறுக்குவிசைக்கு ஓர் எல்லை உண்டு. அதை அறிந்தே மெட்ரோவை ஆக்கியவர்கள் குறைந்த சுழற்சியில் டர்போவின் அழுத்தத்தை வேண்டுமென்றே அடக்கி வைத்தார்கள். மிகுதியான புகை சுழலியைத் தொடாமல் பக்கவழியே வெளியேற ஒரு சிறு கதவு உண்டு. அதைத் திறக்கும் கருவியில் கைவைத்தால் அடக்கி வைத்த அழுத்தம் வெளிப்படும். அதற்குக் காசு செலவில்லை. ஒரு ஸ்குரூ டிரைவர் போதும். செலவில்லாமல் கிடைக்கும் பலம் என்று நான் கைவைத்தேன். டிசம்பர் மாதத்தில், ஆலைக்குப் போகும் வழியில், மூன்றாவது கியர் பற்களை உதிர்த்தது. உதிர்ந்த எஃகுத் துண்டுகள் ஆயிலோடு கலந்து பேரிங்குகளையும் கெடுக்கத் தொடங்கின. பொறியாளர்கள் இட்ட எல்லையைப் பொறியாளனாகிய நானே மீறினேன். தவறு முழுவதும் என்னுடையது. அதற்கு 380 பவுண்டு.

ஆக மொத்தம் 2,145 பவுண்டு. நான் எழுதியது 500. நான்கு மடங்குக்கு மேல். பிற்காலத்தில் அந்தக் கணக்கை ஆற அமரப் பிரித்துப் பார்த்தேன். பலத்தை உண்டாக்கும் பொருள்களுக்கு, அதாவது இழுத்து வந்த வாடகையோடு கார், எஞ்சின் வேலை, டர்போ மூன்றுக்கும் சேர்த்து 830 பவுண்டு. ஐந்தில் இரண்டு பங்கு. அந்தப் பலத்துக்கு உணவூட்டவும், அதைக் குளிர்விக்கவும், சக்கரத்துக்குக் கொண்டு செல்லவும், நிறுத்தவும், காப்பீட்டுக்கு உட்படுத்தவும் ஐந்தில் மூன்று பங்கு. பலத்துக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்கிறவன் விலையில் பாதியைக் கூடக் கேட்கவில்லை என்பதே இதன் பொருள்.

இந்த அனுபவத்தைக் கொண்டு என் மருமகனுக்கு ஒரு முறையைச் சொன்னேன். பழைய வண்டியில் இத்தகைய வேலையில் இறங்க நினைக்கும் யாவருக்கும் அது பொருந்தும் என்று நம்புகிறேன்.

நோட்டின் முதல் பக்கத்தில் சட்டத்தை எழுத வேண்டும். சட்டம் இடம் தராவிட்டால் மற்றப் பக்கங்களுக்கு வேலை இல்லை. இரண்டாம் பக்கத்தில் வண்டி இன்றுள்ள நிலையில் அதற்கு வேண்டிய பழுதுகளை எழுத வேண்டும். துருப்பிடித்த அடித்தகட்டையும், வெடித்த ரப்பர்களையும் வைத்துக்கொண்டு பலத்தைக் கூட்டுவது, கரையானரித்த வீட்டுக்கு மாடி எடுப்பது போன்றது. மூன்றாம் பக்கத்தில் பிரேக், டயர், ஸ்டியரிங். நான்காம் பக்கத்தில் கிளட்ச், கியர்பெட்டி, பின் அச்சு. ஐந்தாம் பக்கத்தில் ரேடியேட்டர், ஆயில், பெட்ரோல் பம்பு, குழாய்கள். ஆறாம் பக்கத்தில்தான் எஞ்சினும் டர்போவும் வரவேண்டும். வேலையையும் இந்த வரிசையிலேயே செய்ய வேண்டும். பிரேக்கோடு நிறுத்திக்கொண்டால் நல்ல பிரேக் உள்ள பழைய கார் கிடைக்கும். எஞ்சினோடு நிறுத்திக்கொண்டால் பிரேக் இல்லாத வேகமான கார் கிடைக்கும்.

ஏழாம் பக்கத்தில், எல்லாவற்றையும் கூட்டி அதில் மூன்றில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவென்று சேர்க்க வேண்டும். பிரித்த பின்பே தெரியும் பழுதுகள் எப்போதும் உண்டு. வண்டி பட்டறையில் கிடக்கும் நாள்களுக்குப் பேருந்துச் செலவும், வேலை முடிந்த பின் அடிக்கடி மாற்ற வேண்டிய ஆயில் செலவும், கூடுதலாகக் குடிக்கும் பெட்ரோல் செலவும் அதே பக்கத்தில் வரும்.

இந்தப் பக்கங்களை அவனும் நானும் அம்பாசிடருக்கு நிரப்பினோம். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டோம். நம் நாட்டில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாகப் பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் அமையும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. அதே ஆண்டில் செய்யப்பட்ட திருத்தம், விதிக்கு மாறான ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. மின்கலம், இயற்கை எரிவாயு போன்ற வேறு எரிபொருளுக்கு மாறுவதற்கு நிபந்தனைகளோடு வழியுண்டு. பலத்தைக் கூட்டுவதற்காக வேறொரு காரின் டர்போ எஞ்சினை இறக்கிச் சாலையில் ஓட்ட நினைப்பவன், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுத் தெளிவு பெறாமல் ஒரு ரூபாயும் செலவிடலாகாது. பட்டறைக்காரர் "எல்லாரும் செய்கிறார்கள் சார்" என்பார். விபத்து நேர்ந்தால் அந்த எல்லாரும் வரமாட்டார்கள்.

சட்டம் ஒருபுறமிருக்க, வண்டியின் உடலமைப்பையும் பார்த்தோம். அம்பாசிடரின் 1,489 கன சென்டிமீட்டர் எஞ்சினும் என் மினியின் எஞ்சினும் ஒரே பிரிட்டிஷ் நிறுவனத்தின் பட்டறையில் பிறந்த உறவினர்கள். மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற காரின் வழிவந்து, மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 2014ஆம் ஆண்டு வரை உருவான அம்பாசிடர், நிதானமாகப் போவதற்கென்று அமைந்தது. அந்த எஞ்சினின் கிராங்குத் தண்டைத் தாங்குபவை மூன்றே பேரிங்குகள். அவனுடைய வண்டியின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகள். என் லிக்கி குன்று இறக்கம் என் கண்முன் வந்தது.

அவன் முகம் வாடிவிட்டது. "அப்படியானால் இந்த வண்டியை என்னதான் செய்வது மாமா?" என்றான். "உன் அப்பா வாங்கியபோது இது எப்படி ஓடியதோ அப்படி ஓடவை" என்றேன். தேய்ந்த பழைய எஞ்சின், பிறந்தபோதிருந்த பலத்தில் கணிசமான பங்கை இழந்திருக்கும். ரிங்குகளும் வால்வுகளும் புதுப்பிக்கப்பட்டு, கார்புரெட்டரும் தீப்பொறியின் நேரமும் ஒழுங்கு செய்யப்பட்டால், இழந்த பலம் திரும்பும். அதற்கு யாரிடமும் இசைவு பெற வேண்டுவதில்லை. இரண்டாம் பக்கத்தையும் மூன்றாம் பக்கத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிழித்தான். இப்போது அந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது. முதலில் பிரேக்கை முடித்திருக்கிறான்.

புறப்படும்போது அவன் ஒரு கேள்வி கேட்டான். "அந்தப் பொங்கலுக்கு நீங்கள் ஊருக்கு வந்தீர்களா மாமா?" நான் வரவில்லை. ஆலையில் விடுப்புத் தரவில்லை என்று அம்மாவுக்கு எழுதிவிட்டேன். அது பொய். அந்த ஆண்டு ஐப்பசி மழையில் கூரை ஒழுகியது. "அண்ணனுக்கு லீவு கிடைத்திருந்தால் இந்த மழைக்குள் மேய்ந்திருப்பான்" என்று அம்மா என்னை விட்டுக்கொடுக்காமல் சொல்லிக்கொண்டே அண்டாவை நகர்த்தி நகர்த்தி வைத்ததாக, என் தங்கை, இந்தப் பையனின் தாய், பல ஆண்டுகளுக்குப் பிறகு என்னிடம் சொன்னாள். அடுத்த கோடையில் நான் கூரையை மேய்ந்து கொடுத்தேன். உண்மையை மட்டும் அம்மாவிடம் கடைசி வரை சொல்லவில்லை.

ஆகவே, நேயர்களே, நோட்டில் எட்டாம் பக்கம் ஒன்றும் உண்டு. இந்தப் பணம் வேறு எதற்காகச் சேர்த்தது, அதை யார் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அதில் எழுத வேண்டும். அதை எழுதிய பின்பும் மனம் ஒப்புமானால், இரட்டைக் கோட்டை இழுக்கலாம்.